மண்ணும் மலரும்: சுடுமண் சிற்பத்தில் இயற்கை வடிவங்களின் சமூக வரலாறு

1

கண்டிப் பெருவீதியிற் பேராதனையைக் கடந்து கொழும்பை நோக்கிச் செல்பவர் சில கிலோமீற்றர் தூரத்திற் பிலிமத்தலாவையை அடைவர். இவ்வூர்ப்பெயரின் முதற்கூறாகிய 'பிலிம' என்னும் சிங்களச் சொல் சிலையைக் குறிப்பது. பாளி மொழியின் 'படிமா', நமது 'படிமம்' ஆகிய சொற்களோடு உறவுடையது. 'தலாவ' என்பது வெளியைக் குறிக்கும். சிலைகளின் வெளி என்று பொருள்படும் இவ்வூரிலிருந்து தௌலகலை வீதிவழியே செல்லும்போது கடலாதெனியா, லங்காதிலக்க என்னும் இரு விகாரைகளைக் காண்கிறோம். இரண்டும் நான்காம் புவனேகபாகுவின் காலத்தில், 1344ஆம் ஆண்டளவில் எழுந்தவை. கடலாதெனியாவைக் கல்லில் அமைத்த சிற்பாசாரியின் பெயர் கணேஸ்வராசாரி. அதன் தூண்களிலும் விமான அமைப்பிலும் தென்னிந்தியக் கட்டடக்கலையின் செல்வாக்கு வெளிப்படையானது. லங்காதிலக்கவோ பெரும்பாலும் செங்கல்லாலும் சுதையாலும் ஆனது. அங்குள்ள பாறையிற் சிங்களத்திலும் தமிழிலும் சாசனங்கள் பொறிக்கப்பட்டுள்ளன.

செங்கல் என்பது சுட்ட மண்ணே. ஆயினும் நமது கலை வரலாற்று நூல்கள் கடலாதெனியாவின் கல்லைப் பற்றிப் பேசிய அளவுக்கு லங்காதிலக்கவின் மண்ணைப் பற்றிப் பேசியதில்லை. கல்லைச் செதுக்கியவனின் பெயரேனும் எஞ்சியிருக்க, மண்ணைப் பிசைந்து சுட்டவர் பெயரின்றி மறைந்தனர். இந்த வேறுபாடு தற்செயலானதன்று என்பதே இக்கட்டுரையின் தொடக்கப் புள்ளி.

அண்மைக்காலத்தில் இந்தியத் துணைக்கண்டத்திலும் உலகின் பிற பகுதிகளிலும் சுடுமண் சிற்பம் தனியொரு கலைத்துறையாக வளர்ச்சி பெற்றுள்ளது. விதை, காய், சங்கு, பவளம், காளான், குளவிக்கூடு முதலிய இயற்கை வடிவங்களைத் தழுவி ஆக்கப்படும் படைப்புகள் இத்துறையிற் சிறப்பிடம் பெறுகின்றன. இவற்றை விளக்க முற்படுவோர் பொதுவாக இரண்டு கருத்துகளில் ஒன்றைக் கூறுவர். கலைஞனின் இயற்கை மீதான காதலே இவற்றின் ஊற்று என்பது ஒன்று; ஆயிரமாண்டு மரபின் தொடர்ச்சியே இவை என்பது மற்றொன்று. முன்னது தனிமனித உணர்வை வரலாற்றிலிருந்து பிரிக்கின்றது. பின்னது வரலாற்றின் முறிவுகளை மறைக்கின்றது. மண்ணில் வடிக்கப்படும் 'இயற்கை' எக்காலத்தும் ஒன்றாக இருந்ததில்லை என்பதையும், அது ஒவ்வொரு சமூக அமைப்பின் உற்பத்தி உறவுகளினூடாகவே உருப்பெற்றுள்ளது என்பதையும் பிலிமத்தலாவைச் சூழலை மையமாகக் கொண்டு நாம் இங்கு ஆராய முற்படுகின்றோம்.

2

தமிழ் மரபில் மட்கலம் மிகப் பழைய காலத்திலேயே வாழ்வையும் சாவையும் இணைக்கும் பொருளாக விளங்கியது. புறநானூற்றின் 228ஆம், 256ஆம் பாடல்கள் இரண்டும் குயவனை விளித்து ஈமத்தாழி பற்றிப் பேசுவன. ஒன்றிற் சோழ மன்னன் ஒருவனின் பெரும்புகழை அடக்கத்தக்க தாழி கேட்கப்படுகின்றது. மற்றொன்றிற் கணவனை இழந்த ஒருத்தி தனக்கும் இடமிருக்குமாறு தாழியை அகலமாக வனையும்படி வேண்டுகின்றாள். தாமிரபரணிக் கரையிலுள்ள ஆதிச்சநல்லூரிலும் இலங்கையின் வடமேற்கிலுள்ள பொம்பரிப்பிலும் கிடைத்த ஈமத்தாழிகள் இவ்வழக்கத்தின் பரப்பைக் காட்டுகின்றன. ஆதிச்சநல்லூரில் 2004-2005இல் நடைபெற்ற அகழாய்விற் கிடைத்த ஓட்டுத்துண்டொன்றிற் பெண்ணுருவம் ஒன்றுடன் நெற்கதிர், கொக்கு, மான், முதலை ஆகியன புடைப்பாக அமைக்கப்பட்டிருந்தன. வயலும் நீர்நிலையும் காடும் ஒருங்கே இடம்பெறும் இவ்வோட்டில் இயற்கை வெறும் அழகுப் பொருளாக நிற்கவில்லை. அது அம்மக்களின் உழைப்புக் களம்.

இதே உண்மையை இன்றும் வழக்கிலுள்ள ஒரு பொருளிற் காணலாம். தமிழர் நிறைகுடம் என்பதனைச் சிங்களவர் 'புன்கலச' என்பர். தமிழர் குடத்தின் வாயில் மாவிலையும் தேங்காயும் வைப்பர். சிங்களவர் தென்னம்பாளையை விரித்து வைப்பர். இங்கு குடத்தை எவரும் பூவாகவோ காயாகவோ வடிப்பதில்லை. குடம் குடமாகவே இருக்கின்றது. இயற்கை அதனுள் வந்து நிறைகின்றது. வெறுமையே குடத்தின் பயன். அவ்வெறுமையில் நீரும் நெல்லும் தளிரும் இடம்பெறும்போதே அது மங்கலப் பொருளாகின்றது. இந்த அவதானிப்பை நாம் பின்னர் மீண்டும் எடுத்துக்கொள்வோம்.

3

கண்டி இராச்சியத்திற் குயவர் 'படஹெல' என்னும் குலத்தினராக வகுக்கப்பட்டிருந்தனர். நிலத்தை அனுபவிக்கும் உரிமைக்கு ஈடாக அரண்மனைக்கும் விகாரைகளுக்கும் பிரபுக்களுக்கும் பானை, சட்டி, விளக்கு, ஓடு முதலியவற்றை வழங்குதல் அவர்தம் கடமை. இதுவே இராஜகாரிய முறை. வழங்கவேண்டிய பொருளையும் அளவையும் வழக்காறு தீர்மானித்தது; வனைபவனின் விருப்பம் தீர்மானிக்கவில்லை. கண்டிக் கட்டடங்களின் கூரை விளிம்புகளை அணிசெய்த இறவாணத்து ஓடுகளை இம்முறையின் சிறந்த விளைவாகக் கொள்ளலாம். அரசிலை வடிவில் அமைந்து, அன்னமோ சிங்கமோ கொடிவேலையோ பொறிக்கப்பட்ட அவ்வோடுகள் மழைநீரை வழியச்செய்யும் பயன்பொருளாகவும் அணியாகவும் ஒருங்கே விளங்கின.

கண்டிக் கைவினைஞரின் தாவர அணிகளுக்குத் தனித்தனிப் பெயர்களுண்டு. 'லியவெல' என்பது கொடிவேலை. 'பலாபெத்தி' தாமரை இதழ் வரிசை. 'சபு மல' சண்பக மலர். இப்பெயர்ப் பட்டியலில் இரு வடிவங்கள் நமது சிறப்பான கவனத்துக்குரியவை. ஒன்று 'நாரிலதா', பெண்களையே மலராகத் தரும் கற்பனைக் கொடி. இயற்கையில் இல்லாத தாவரம் ஒன்று இயற்கை வடிவங்களின் வரிசையில் இடம்பெற்றமை, கைவினைஞன் தோட்டத்தைப் பார்த்து வரைந்தவன் அல்லன் என்பதைக் காட்டும். அவன் குருவழியே கற்ற வடிவத்தை நினைவிலிருந்து வடித்தவன். மற்றொன்று 'அன்னாசி மல'. அன்னாசி தென்னமெரிக்கத் தாவரம். போர்த்துக்கேயரின் கடல்வாணிகத்தோடு இப்பகுதிக்கு வந்தது. அதன் பெயரும் அவர்வழி வந்து தமிழிலும் சிங்களத்திலும் நிலைத்தது. உலக வாணிகத்தின் தொடக்ககாலப் பண்டமொன்று இவ்வாறு மலைநாட்டு அணிமரபின் பெயர்வழக்கிற் புகுந்துவிட்டது. மாறாத மரபு என்று நாம் கருதுவதன் நடுவிலேயே மாற்றத்தின் வரலாறு அமர்ந்திருக்கின்றது.

ஆயினும் இக்காலத்தை நாம் பொற்காலமாக்கிவிடக் கூடாது. பயனும் அழகும் இணைந்திருந்தன என்பது உண்மை. அவ்விணைப்பு சாதிப் பிறப்பினாலும் கட்டாயச் சேவையினாலும் காக்கப்பட்டது என்பதும் அதே அளவு உண்மை. கையின் திறனுக்கு மதிப்பிருந்தது. கைக்கு உரியவனுக்கு இருந்ததில்லை.

4

1815இல் கண்டி பிரித்தானியர் வசமாயிற்று. 1832இல் கோல்புறூக் விதந்துரையின்படி இராஜகாரியம் ஒழிக்கப்பட்டது. மனிதாபிமானம் பேசிய இச்சீர்திருத்தத்தின் உள்ளடக்கம், உழைப்பை நிலத்திலிருந்து விடுவித்துச் சந்தைக்குக் கொணர்தலேயாகும். விகாரை நிலங்களில் எஞ்சியிருந்த சேவைக் கடமைகளையும் 1870ஆம் ஆண்டின் சேவைக் குத்தகைச் சட்டம் பணமாக மாற்றிக்கொள்ள வழிவகுத்தது. இதற்கிடையில் 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய நிலச் சட்டம், உரிமைப்பத்திரம் காட்ட முடியாத காடுகளையும் தரிசுகளையும் அரசின் உடைமையாக்கியது. குயவனுக்குக் களிமண்ணோடு விறகும் வேண்டும். காடு முடிக்குரியதாகித் தோட்டக்காரனுக்கு விற்கப்பட்டபோது சூளையின் அடிப்படையே ஆட்டங்கண்டது எனலாம்.

பிலிமத்தலாவைக்கு அருகேயுள்ள பேராதனைத் தாவரவியற் பூங்கா இப்புதிய காலத்தின் குறியீடு. 1821இல் அலெக்சாந்தர் மூனின் பொறுப்பில் நிறுவப்பட்ட இப்பூங்கா, பொருளாதார நோக்கில் தாவரங்களைச் சேகரித்துப் பரிசோதித்துப் பெருந்தோட்டங்களுக்கு வழங்கிய நிலையமுமாகும். விகாரைச் சுவரிற் கொடியாகப் படர்ந்த இயற்கை இங்கு பெயர்ப்பலகை தாங்கிய மாதிரியாக வகைப்படுத்தப்பட்டது. மலைச்சரிவிலோ அது ஏக்கர்க் கணக்கிற் கோப்பியாயிற்று. அதனைப் பறிக்கத் தமிழகத்துக் கிராமங்களிலிருந்து உழவர் கொணரப்பட்டனர்.

1881-82இல் இலங்கைக்கு வந்த யேர்மானிய உயிரியலாளர் ஏர்ன்ஸ்ற் ஹெக்கல் பேராதனைப் பூங்காவைக் கண்டு வியந்து எழுதினார். 'சூழலியல்' என்பதற்கு நிகரான யேர்மானியச் சொல்லை 1866இல் ஆக்கியவர் அவரே. 1899க்கும் 1904க்கும் இடையில் அவர் வெளியிட்ட 'இயற்கையின் கலைவடிவங்கள்' என்னும் நூலின் நூறு படத்தாள்கள் ஐரோப்பியக் கலைஞரைப் பெரிதும் கவர்ந்தன. 1900ஆம் ஆண்டுப் பாரிஸ் கண்காட்சியின் பெருவாயிலை ரெனே பினே, ஹெக்கல் வரைந்த நுண்ணிய கடலுயிரிகளின் வடிவத்தைத் தழுவியே அமைத்தார். 1928இற் கார்ல் புளொஸ்பெல்ற்றின் பெரிதாக்கிய தாவர ஒளிப்படங்கள் நூலாக வெளிவந்தன. நுண்ணோக்கியும் ஒளிப்படக்கருவியும் திறந்துகாட்டிய இவ்வியற்கையே இன்றைய சுடுமண் சிற்பங்களின் விதைகளுக்கும் பவளங்களுக்கும் நெருங்கிய மூதாதை. லியவெலக் கொடி அவற்றுக்குத் தூரத்து உறவு மாத்திரமே.

ஹெக்கல் இத்தீவின் இயற்கை வடிவங்களை வியந்த அதே ஆண்டுகளில், 1880 முதல் 1882 வரை, மார்ஷல் வார்ட் என்னும் இளம் விஞ்ஞானி கோப்பி இலையை அழித்துக்கொண்டிருந்த பூஞ்சணத்தை இங்கு ஆராய்ந்துகொண்டிருந்தார். ஒருவருக்கு இயற்கை அழகு. மற்றவருக்கு அதுவே முதலீட்டின் நோய். சில ஆண்டுகளிற் கோப்பித் தொழில் வீழ்ந்தது. தோட்டத் தொழிலாளர் பலர் பிழைப்பின்றித் தவித்தனர். இவ்விரு பார்வைகளும் ஒரே வரலாற்றுக் கட்டத்தின் இரு முகங்கள் என்பதை மறத்தலாகாது.

ஆனந்த குமாரசுவாமியின் பணியை இப்பின்னணியிலேயே மதிப்பிடல் வேண்டும். 1903 முதல் 1906 வரை கனிப்பொருளியல் அளவைக்குத் தலைமை வகித்த அவர், மண்ணையும் பாறையையும் ஆராயச் சென்ற இடங்களிற் கைவினைஞரைக் கண்டார். 1908இல் வெளிவந்த 'மத்தியகாலச் சிங்களக் கலை' என்னும் அவரது பெருநூல், வில்லியம் மொறிஸ் பயன்படுத்திய கையச்சுப்பொறியில் 425 பிரதிகளாக அச்சிடப்பட்டது. மொறிஸ் முதலாளித்துவத்தை எதிர்த்த சோசலிசவாதி. கைவினையின் அழிவுக்குச் சந்தையின் ஆதிக்கமே காரணம் என்று கண்டவர். குமாரசுவாமி அவரிடமிருந்து கைவினையின் மேன்மையைப் பெற்றுக்கொண்டார். வர்க்கப் போராட்டத்தைப் பெற்றுக்கொள்ளவில்லை. நிலமானிய அமைப்பின் கட்டுப்பாட்டை அவர் ஒருமைப்பாடாகக் கண்டார். எனினும் தந்தைவழியில் தமிழரான ஒருவர் சிங்களக் கைவினைஞரின் சொற்களையும் கருவிகளையும் இத்துணைப் பரிவோடு பதிவுசெய்தமை இன்றைய இனவாத ஆய்வுகளுக்கு ஒரு மறுமொழியாகும்.

5

இருபதாம் நூற்றாண்டிற் குயவனின் சந்தையை இரு பக்கமிருந்து தாக்கின இருவகைப் பொருள்கள். ஒருபுறம் அலுமினியமும் பிளாத்திக்கும்; மறுபுறம் தொழிற்சாலைப் பீங்கான். பொரலஸ்கமுவையின் வெண்களி தேசியக் கைத்தொழிலின் மூலப்பொருளாயிற்று. 1970களில் கண்டிக்கு வடக்கேயுள்ள மாத்தளையில் யப்பானிய நொரிடாக்கே நிறுவனத்தின் பங்குடன் ஏற்றுமதிக்கான பீங்கான் உற்பத்தி தொடங்கியது. அங்கு பூவும் கொடியும் ஒட்டுத்தாளாகத் தட்டின்மீது ஏறின. வரைந்தவரும் சுட்டவரும் உண்பவரும் ஒருவரையொருவர் அறியார். அந்நியமாதல் என்று மார்க்ஸ் குறிப்பிட்டதற்கு இதனினும் தெளிவான உதாரணம் வேண்டியதில்லை.

இத்தொழிற்சாலை உற்பத்திக்கு எதிர்வினையாகவே நவீன வனைகலை தோன்றியது. 1920இல் பேர்னாட் லீச்சும் ஹமாடா ஷோஜியும் இங்கிலாந்தின் சென்ற் ஐவ்ஸில் நிறுவிய பட்டறையும், யப்பானில் யனாகி சொயெற்சு தொடக்கிய மக்கள் கைவினை இயக்கமும் அதன் ஊற்றுகள். பெயரறியாக் கைவினைஞனே உயர்ந்தவன் என்று யனாகி போதித்தார். அப்போதனையின் விளைவாக உலகப் புகழ் பெற்றவையோ லீச், ஹமாடா ஆகியோரின் பெயர்களே. பெயரின்மையை இலட்சியமாக்கிய இயக்கம் பெயர்களையே விற்பனைப் பொருளாக்கியது. சந்தையின் இயங்கியல் இலட்சியத்தையும் விட்டுவைப்பதில்லை.

இவ்வலை தமிழ்நிலத்தைத் தொட்டது 1971இல். யப்பானில் வனைகலை பயின்ற டெபோரா சிமித்தும் ரே மீக்கரும் பாண்டிச்சேரியில் 'கோல்டன் பிரிட்ஜ்' மட்பாண்டக்கூடத்தை நிறுவினர். உயர் வெப்பத்திற் கல்போல இறுகச் சுட்டுக் கண்ணாடிப் பூச்சிட்ட பாண்டங்கள் அங்கு உருவாகின. இந்தியாவின் இன்றைய சுடுமண் சிற்பிகளுட் பலர் அங்கு பயின்றவர்களே. அவர்களுள் ஒருவரான மாத்வி சுப்பிரமணியனின் படைப்புகளில் விதையுறைகளையும் கூம்புகளையும் நினைவூட்டும் வடிவங்கள் இடம்பெற்றன. 2018இல் ஜெய்ப்பூரில் நடைபெற்ற முதலாவது இந்திய வனைகலை மூவாண்டுக் கண்காட்சியை ஒழுங்குசெய்த கலைஞர் குழுவிலும் அவர் இருந்தார். பாண்டம் என்னும் எல்லையைக் கடந்து சிற்பமாகவும் பேரமைப்பாகவும் மண் வளர்ந்துள்ளதை அக்கண்காட்சி நிறுவியது.

இங்கு நிறைகுடத்திற்குத் திரும்புவோம். பழைய குடம் இயற்கையைத் தன்னுள் ஏற்றது. புதிய சிற்பமோ தானே விதையாகவும் சங்காகவும் மாறிவிட்டது. அதில் நீர் ஊற்றுவாரில்லை. பயன்பாட்டுப் பெறுமதியைத் துறந்தமையாலேயே அது கலைக்கூடத்தில் உயர்ந்த பரிவர்த்தனைப் பெறுமதியைப் பெறுகின்றது. இதனை வீழ்ச்சியென்று மாத்திரம் கூறுதல் பொருந்தாது. பயனின் கட்டாயத்திலிருந்தும் குலத்தின் கட்டாயத்திலிருந்தும் மண் விடுபட்டமையாலேயே புதிய வினாக்களை எழுப்பும் ஆற்றல் அதற்குக் கிட்டியது. தேனீயையும் கட்டடக் கலைஞனையும் ஒப்பிட்ட மார்க்ஸ், வடிவத்தை முதலில் மனத்திற் கட்டுபவனே மனிதன் என்று வேறுபடுத்தினார். குளவிக்கூட்டை மண்ணில் மீளப்படைக்கும் சிற்பி குளவியின் வேலையைச் செய்யவில்லை. அழிந்துவரும் ஓர் உலகைப் பற்றிய சிந்தனையையே வடிக்கின்றார். 1985 முதல் ரே மீக்கர், பச்சைச் செங்கல்லாற் கட்டிய வீட்டையே சூளையாக்கி, உள்ளே பாண்டங்களையும் அடுக்கி ஒருங்கே சுட்டுப் பார்த்த பரிசோதனைகள் கலைக்கும் பயனுக்குமான பிளவை நடைமுறையில் எதிர்கொண்ட முயற்சிகளாம். அதன் பொருளாதார வெற்றி வரையறைக்குட்பட்டதே. எழுப்பிய வினாவோ பெரிது.

6

இனி, இப்புதிய கலையின் அருகில் நிற்கும் பழைய குயவனை நோக்குவோம். மதுரை, சிவகங்கை, புதுக்கோட்டைப் பகுதிகளில் வேளார் எனப்படும் குயவர் ஐயனாருக்குரிய குதிரைகளைக் கண்மாய் மண்ணால் வனைகின்றனர். பல கோயில்களில் அவர்களே பூசகர். புரவியெடுப்பின்போது ஊரார் தோளிற் சென்று கோயில் முன் நிறுத்தப்படும் குதிரை, பின்னர் மழையிலும் வெயிலிலும் சிதைய விடப்படுகின்றது. மறுமுறை புதிய குதிரை வரும். எனவே வனைபவனுக்கு மறுபடியும் வேலை வரும். நிலைத்திருத்தலே கலையின் பெருமை என்னும் கலைக்கூட நியதி இங்கு செல்லுபடியாவதில்லை. இக்குதிரை நூதனசாலைக்குச் சென்றதும் அதன் காலம் நின்றுவிடுகின்றது. அதனோடு குயவனின் ஊதியமும் நின்றுவிடுகின்றது.

புதுச்சேரியை அடுத்த வில்லியனூர்ச் சுடுமண் கலைஞர் வி. கே. முனுசாமிக்கு 2020இற் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டமை மகிழ்ச்சிக்குரியது. ஆனால் ஒரே நிலப்பரப்பில், ஒரே மண்ணில் வேலைசெய்யும் இரு சாராருள் ஒருவர் 'கலைஞர்' எனவும் மற்றவர் 'கைவினைஞர்' எனவும் வகைப்படுத்தப்படுவது ஏன்? பிறப்பாற் குயவரான ஒருவர் வடிக்கும் பறவை மரபு எனப்படுகின்றது. கல்லூரியிற் பயின்றவர் வடிக்கும் பறவை ஆளுமை எனப்படுகின்றது. விலையின் வேறுபாடு இப்பெயரிடலோடு சேர்ந்தே வருகின்றது. சாதியும் வர்க்கமும் அழகியற் சொல்லாடலுக்குள் மறைந்து செயற்படும் முறை இது.

இலங்கையில் இம்முரண்பாட்டைக் காணக் கண்டிப் பெருவீதியே போதும். கேகாலையை அண்டிய மொலகொடையில் வீதியோரத்தில் அடுக்கப்பட்டுள்ள சட்டிபானைகளோடு பூச்சாடிகளும் அலங்கார உருவங்களும் விற்பனைக்குள்ளன. சமையலறையிலிருந்து வெளியேற்றப்பட்ட குயவன் முற்றத்திலும் வரவேற்பறையிலும் இடந்தேடுகின்றான். அவனுடைய பூச்சாடிக்கும் இயற்கை வடிவம் உண்டு. அதற்குக் கண்காட்சிப் பட்டியலில் இடமில்லை. களிமண் அகழ்வதற்கு இன்று அனுமதிப்பத்திரம் வேண்டும். கட்டுப்பாடற்ற அகழ்வு வயலையும் ஆற்றங்கரையையும் அழிக்கும் என்பதால் சட்டம் அவசியமே. ஆயினும் கூடையிற் சுமப்பவனும் லொறியில் ஏற்றுபவனும் ஒரே அலுவலக வாசலில் நிற்கும்போது யார் முதலில் உள்ளே செல்வார் என்பதை நாம் அறிவோம். இயற்கையைப் போற்றும் சிற்பத்தின் மதிப்பீட்டில் இந்த வினாவும் அடங்க வேண்டும்: அச்சிற்பத்தின் மண் எங்கிருந்து வந்தது? யார் தோண்டினர்? யார் பிசைந்தனர்? சூளைக்கு எக்காடு எரிந்தது?

7

இதுவரை கூறியவற்றிலிருந்து சில முடிவுகள் பெறப்படும். சுடுமண்ணில் இயற்கை வடிவம் என்பது நேரடிப் பிரதியாக ஒருபோதும் அமைந்ததில்லை. ஆதிச்சநல்லூர் ஓட்டில் அது உழைப்புக் களம். கண்டி ஓட்டிற் கடமைப்பட்ட மரபு. பேராதனையில் மாதிரியும் பண்டமும். இன்றைய கலைக்கூடத்திலோ தனிமனித ஆளுமையின் கையொப்பமும் சூழல் பற்றிய கவலையும். ஒவ்வொரு கட்டமும் முந்தியதன் எச்சங்களைச் சுமந்தே வந்துள்ளது. ஆகவே மரபுக்குத் திரும்புவோம் என்னும் குரலை நாம் ஏற்க முடியாது. அம்மரபிற் சாதியும் கட்டாய உழைப்பும் இருந்தன. சந்தையே கலைக்கு விடுதலை தந்தது என்பதையும் ஏற்க முடியாது. அவ்விடுதலையின் செலவை ஏற்றவர் வேறொருவர்.

நமது ஆய்வாளருக்கு உடனடியாக ஒரு பணியுண்டு. களியின் வகை, தட்டுப்பலகை, சக்கரம், சூளை, சுடும் பதம் பற்றிய சொற்கள் தமிழ்க் குயவரிடமும் சிங்களக் குயவரிடமும் இன்னும் வாழ்கின்றன. அவற்றைப் பேசுவோர் முதியோர். அவர்தம் பிள்ளைகளிற் பலர் வேறு தொழிலை நாடிவிட்டனர். இச்சொற்களை இரு மொழியினரும் கூடித் தொகுத்தல் வேண்டும். கணேஸ்வராசாரியின் பெயரும் லங்காதிலக்கவின் இருமொழிச் சாசனமும் இக்கூட்டுப்பணி புதியதொன்றன்று என்பதை நினைவூட்டுகின்றன.

சிலைகளின் வெளி எனப் பெயர்பெற்ற ஊரில் நின்றுகொண்டு, சிலையைச் செய்தவர் யார் என்று கேட்பது நியாயமான ஆசையே. நிறைகுடம் வைத்து வரவேற்கும் நமது கூட்டங்களில் அக்குடத்தை வனைந்தவர் எவ்விருக்கையில் அமர்ந்திருக்கின்றார் என்பதையும் சேர்த்துக் கேட்கும்போதே அக்கேள்வி முழுமை பெறும்.